கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: நிலவிலிருந்து பார்த்தால் சீனப் பெருஞ்சுவர் கண்ணுக்குத் தெரியும் என்று குடும்ப வாட்ஸ்அப்பில் மைத்துனரோடு மல்லுக்கட்டினேன். தெரியாதாம். சத்தமில்லாமல் பதிவை அழித்துவிடலாமா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: அழிக்காதீர்கள். மைத்துனர் எப்போதோ ஸ்கிரீன்ஷாட் எடுத்திருப்பார்! தப்பை எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்ட ஒருவர் கதையைக் கேளுங்கள்.

1991-இல் இங்கிலாந்து வானியலாளர் ஆண்ட்ரூ லைனும் அவர் குழுவும், ஒரு பல்சரை (எரிந்து முடிந்த விண்மீனின் மிச்சம்; சீராக ரேடியோத் துடிப்புகளை அனுப்பும்) கோள் ஒன்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுற்றுகிறது என்று ‘நேச்சர்’ இதழில் அறிவித்தார்கள். சூரியனைத் தவிர வேறொன்றுக்கும் கோள் என்றால் சும்மாவா? ஆனால் அந்த ஆறு மாதம்தான் உதைத்தது. பூமியின் ஓராண்டில் சரிபாதி அல்லவா! மறுபடி கணக்குப் போட்டால், பல்சரின் இருப்பிடத்தைக் குறித்ததில் சின்னப் பிசகு. பூமி சூரியனைச் சுற்றும் ஓட்டத்தைக் கணக்கிலிருந்து சரியாகக் கழிக்கவில்லை; அதுதான் கோள்போலத் தெரிந்தது. கோளே இல்லை. 1992 ஜனவரியில் அட்லாண்டா வானியல் மாநாட்டில் மேடையேறி, எங்கே சறுக்கியது என்பதையும் விளக்கி வாபஸ் வாங்கினார் லைன். அரங்கம் நெடுநேரம் கைதட்டியது. அடுத்துப் பேசிய அலெக்சாண்டர் வோல்ஸ்சான் வேறொரு பல்சருக்குக் கோள்கள் உண்டு என்றார். அது நிலைத்தது.

நீங்களும் எது தப்பு, எங்கே படித்தீர்கள், சரியானது எது என்று போடுங்கள். ‘ஆனாலும் நான் சொல்ல வந்தது...’ என்று வால் சேர்க்காதீர்கள். ‘யார் மனமாவது புண்பட்டிருந்தால்’ என்பதும் வேண்டாம். மைத்துனர் புண்படவில்லை, ஜெயித்திருக்கிறார்.

கேள்வி: அதை வைத்தே கிண்டலடித்தால்?
– அதே வாசகர்

பதில்: அடிப்பார். தீபாவளி வரைக்கும் ஓடும்.