ஒரே இடத்தில் இரண்டு முறை நிமோனியா: 'எதிர்ப்பு சக்தி' மட்டும்தான் காரணமா?

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது. கோத்தகிரி பக்கம் தேயிலை ஃபாக்டரியில் வேலை. 9 வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. பீடியை விட்டு 3 வருடம் ஆகிறது. போன மார்கழியில் நிமோனியா வந்தது, ஆடியில் மறுபடி வந்தது. இரண்டு எக்ஸ்ரேயிலும் 'வலது கீழ்ப்பக்கம்' என்றே எழுதியிருக்கிறார்கள். இரண்டாவது தடவை லீவோஃப்ளாக்சசின் மாத்திரையில் காய்ச்சல் விட்டது, ஆனால் இருமல் விட்டுவிட்டு வருகிறது. எதிர்ப்பு சக்தி குறைந்துவிட்டது என்று சொல்லி கஷாயம், சத்து மாத்திரை எல்லாம் கொடுக்கிறோம். ஆக்சிஜன் மீட்டரில் 94 காட்டுகிறது, ஒருநாள் காலையில் 91. பயமாக இருக்கிறது. தடுப்பூசி போடலாமா, டாக்டர்?

பதில்: நீங்கள் எழுதியதில் மிக முக்கியமானது 'இரண்டு எக்ஸ்ரேயிலும் வலது கீழ்ப்பக்கம்' என்ற வரிதான். உடல் முழுக்க எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு நிமோனியா பெரும்பாலும் இடம் மாறி வரும். ஒரு தடவை இடது பக்கம், அடுத்த தடவை வலது மேல்பக்கம் என்று. ஒரே இடத்தில் திரும்ப வந்தால், அந்தப் பகுதிக்குப் போகும் மூச்சுக்குழலில் கோளாறு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அதுவரை கஷாயத்தை நம்பி நாள் கடத்த வேண்டாம் என்பதை அழுத்திச் சொல்கிறேன்.

அப்பாவின் வயதுக்கும் பீடிப் பழக்கத்துக்கும் முதலில் விலக்க வேண்டியது மூச்சுக்குழலை அடைக்கும் கட்டி. கட்டிக்குப் பின்னால் சளி வடிய வழியில்லாமல் தேங்கி, அதே இடத்தில் கிருமி வளரும். மருந்துக்குக் காய்ச்சல் அடங்கும், அடைப்பு அப்படியே இருக்கும். எப்போதோ புரையேறி உள்ளே போன பாக்குத் துண்டோ வேர்க்கடலையோ கூட இதே வேலையைச் செய்யும். வலது மூச்சுக்குழல் இடதைவிட அகலம், கிட்டத்தட்ட நேராகக் கீழே இறங்குவது. அதனால் தவறி உள்ளே போவது பெரும்பாலும் வலது கீழ்ப்பக்கத்தில்தான் போய்த் தங்கும். தூக்கத்தில் எச்சிலோ, வயிற்றிலிருந்து மேலேறும் அமிலமோ இறங்குவதும் அங்கேதான். சாப்பிடும்போது அடிக்கடி புரையேறுகிறதா, ராத்திரி நெஞ்செரிச்சலோடு இருமி எழுகிறாரா, குளிருக்கென்று குடித்துவிட்டுப் படுக்கிறாரா என்று கேளுங்கள். தினமும் காலையில் அரை டம்ளர் அளவுக்குக் கெட்டிச் சளி வந்தால், பழைய தொற்றில் மூச்சுக்குழல் நிரந்தரமாக விரிந்துபோயிருக்கலாம்.

அடுத்தது காசநோய். வழக்கமாக அது நுரையீரலின் மேல்பக்கத்தைப் பிடிக்கும். சர்க்கரை உள்ளவர்களுக்குக் கீழ்ப்பக்கத்திலும் வந்து நிமோனியா போலவே ஏமாற்றும். லீவோஃப்ளாக்சசின் காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கக்கூடிய மருந்து. அதைச் சாப்பிட்டால் சில வாரங்களுக்குக் காய்ச்சல் விடும், சளிப் பரிசோதனையும் தவறாக 'இல்லை' என்று வரலாம், நோய் மட்டும் உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும். மாத்திரையில் குணமானதை வைத்துக் காசநோய் இல்லை என்று முடிவுகட்ட முடியாது.

ஆகவே இந்த வாரமே சளியைக் கொடுத்துவிடுங்கள். காலையில் எழுந்ததும், எதுவும் சாப்பிடும் முன், வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்து, இரண்டு மூன்று முறை ஆழமாக மூச்சிழுத்து, அடிநெஞ்சிலிருந்து இருமித் துப்ப வேண்டும். குறைந்தது 2 மில்லி வேண்டும். வெறும் எச்சில் உதவாது. அரசு மருத்துவமனையில் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடிக்கும் சிபி-நாட் பரிசோதனை இலவசம்; கருவியில் வைத்து இரண்டு மணி நேரத்தில் முடிவு வரும், ரிஃபாம்பிசின் என்னும் முக்கியமான காசநோய் மருந்துக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதையும் அதே சோதனை சொல்லிவிடும். அடுத்து நெஞ்சு சி.டி. ஸ்கேன். ஊட்டியிலோ கோவையிலோ எடுக்கலாம். பழைய இரண்டு எக்ஸ்ரே படங்களையும் கட்டாயம் எடுத்துப் போங்கள். ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, படத்தோடு படத்தை ஒப்பிட வேண்டும். சாய மருந்து ஏற்றி எடுப்பதாக இருந்தால் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்திருக்க வேண்டும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள். சி.டி.யில் அடைப்பு தெரிந்தால் குழாய் விட்டுப் பார்க்கும் பிராங்கோஸ்கோபி தேவைப்படும். 50 வயது தாண்டிய, புகைப்பழக்கம் இருந்த எவருக்கும் நிமோனியா குணமான 6 முதல் 8 வாரத்துக்குள் ஒரு எக்ஸ்ரே எடுத்து நிழல் முழுக்க மறைந்ததா என்று பார்ப்பது நல்லது. மார்கழிக்குப் பிறகு அப்படி எடுத்திருந்தால், ஆடியில் வந்தது புதிதா பழசின் மிச்சமா என்று இப்போது தெரிந்திருக்கும்.

எதிர்ப்பு சக்தி பற்றிக் கேட்டீர்கள். அது ஏதோ ஒரு பொருள், குறைந்தால் ஊற்றி நிரப்பலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். நுரையீரலில் அது பல அடுக்குக் காவல். மூக்கும் தொண்டையும் பெரிய துகள்களைப் பிடிக்கின்றன. மூச்சுக்குழலின் உட்சுவரில் சளிப்படலம், அதன் கீழே நொடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் அசையும் நுண்மயிர்கள். ஒட்டிய தூசியையும் கிருமியையும் இவை ஓயாமல் தொண்டைப் பக்கம் மேலே தள்ளுகின்றன. இருமல் அதற்குத் துணை. இதையெல்லாம் தாண்டிக் காற்று நுண்ணறைக்குள் இறங்கும் கிருமியை அங்கேயே குடியிருக்கும் மேக்ரோபேஜ் என்னும் விழுங்கணுக்கள் தின்றுவிடும். செல்கள் கிருமியை விழுங்குவதை 1882-ல் கவனித்து விளக்கிய மெச்னிகாவ், 1908-ல் எர்லிக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

விழுங்கணுக்களால் சமாளிக்க முடியாத அளவு கிருமி இறங்கினால் அவை அபாயச் செய்தி அனுப்பும். ரத்தத்திலிருந்து நியூட்ரோபில்கள் என்னும் வெள்ளணுக்கள் கூட்டமாக வரும்; அவற்றோடு நீரும் புரதமும் கசிந்து காற்று இருக்க வேண்டிய அறைகள் நிரம்பிவிடும். எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரிவது பெரும்பாலும் இதுதான். அதாவது நிமோனியாவில் மூச்சுத் திணறுவது கிருமியால் மட்டுமல்ல, நம் உடல் நடத்தும் சண்டையாலும்தான். எனவே எதிர்ப்பு எவ்வளவுக்கெவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்கவ்வளவு நல்லது என்று சொல்ல முடியாது. தீவிர நிமோனியாவில் அந்தச் சண்டையைக் கொஞ்சம் தணிப்பது உயிரைக் காக்கிறது: 2023-ல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர்களுக்கு ஹைட்ரோகார்டிசோன் என்னும் ஸ்டீராய்டு கொடுத்தபோது 28 நாளில் இறந்தவர்கள் 6.2 சதவீதம், கொடுக்காத பிரிவில் 11.9 சதவீதம். இதைப் படித்துவிட்டு மெடிக்கல் ஷாப்பில் ஸ்டீராய்டு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். காய்ச்சலை மறைக்கும், சர்க்கரையை ஏற்றும், காசநோய் இருந்தால் கிளறிவிடும். சளிக்கென்று கடையில் பொட்டலமாகக் கட்டித் தரும் மாத்திரைகளில் டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு இருக்கிறதா என்று பெயர் கேட்டு வாங்குங்கள்.

இந்தக் காவலில் அப்பாவுக்கு எங்கே ஓட்டை விழுந்திருக்கலாம்? சர்க்கரை அதிகமாக இருக்கும்போது நியூட்ரோபில்கள் தொற்று உள்ள இடத்துக்குப் போய்ச் சேருவதும், கிருமியை விழுங்கிக் கொல்வதும் மந்தமாகும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பாருங்கள். அவர் வயதுக்கு 7-க்குள் வைக்க முயல வேண்டும். எந்தச் சத்து மாத்திரையும் இதற்கு ஈடாகாது. அடுத்தது புகை. பீடியை விட்டது பெரிய காரியம். ஆனால் வீட்டில் விறகடுப்பு எரிந்தால், அல்லது குளிருக்குக் கணப்பு மூட்டி அறையை அடைத்துக்கொண்டால், நுண்மயிர்கள் மறுபடி முடங்கும், விழுங்கணுக்கள் கரித்துகளைத் தின்றே களைத்துப்போகும். சமையலுக்குக் கேஸ் இருந்தும் வெந்நீருக்கு மட்டும் உள்ளே விறகு எரிக்கும் வீடுகள் நம் மலையில் நிறைய. அந்த அடுப்பை வெளியே மாற்றுங்கள். மதுவும் இருமல் அனிச்சையை மழுக்கும், விழுங்கணுக்களையும் தளர்த்தும்.

வாய்ச் சுத்தத்தைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. நுரையீரலுக்குள் இறங்குவது பெரும்பாலும் வாயில் வளர்ந்த கிருமிதான். ஜப்பான் முதியோர் இல்லங்களில் நடந்த ஆய்வில், உணவுக்குப் பின் பல் துலக்கிவிட்டவர்களுக்கு நிமோனியா குறைந்தது. ராத்திரி படுக்கும் முன் பல் துலக்கட்டும். பல்செட் இருந்தால் கழற்றி வைத்துவிட்டுத் தூங்கட்டும்.

கஷாயம் தொண்டைக்கு இதமாக இருக்கும், நிமோனியாவைத் தடுக்காது. தேனோ கருப்பட்டியோ சேர்த்தால் சர்க்கரையும் ஏறும். அந்தக் காசுக்கு முட்டை, அவரை, பயறு வாங்குங்கள். புரதம் குறைந்தால் எதிர்ப்புப் புரதங்கள் உருவாகவே வழியில்லை. சி.டி.யில் ஒன்றும் தெரியாமல், நிமோனியா மட்டும் மறுபடி வந்தால் அப்போது ரத்தத்தில் இம்யூனோகுளோபுலின் என்னும் எதிர்ப்புப் புரதங்களின் அளவு பார்க்கலாம். ஹெச்.ஐ.வி. பரிசோதனையை அதுவரை தள்ளிப்போட வேண்டாம். அரசு நம்பிக்கை மையத்தில் இலவசம், ரகசியமும் காப்பார்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. காளான் குடில், கோழிப்பண்ணை, புறாக் கூண்டு ஆகியவற்றில் வேலை செய்து, 4 முதல் 8 மணி நேரம் கழித்துக் காய்ச்சலும் இருமலும் வந்து, லீவு போட்டால் ஓரிரு நாளில் சரியாகிறது என்றால் அது தொற்றே இல்லாமல் இருக்கலாம். வித்துத் தூசிக்கும் எச்சத் தூசிக்கும் எதிராக நுரையீரல் மிகையாகச் சண்டை போடும் நோய் அது. தூசியை விட்டு விலகுவதுதான் அதற்கு முதல் வைத்தியம். ஒரே பக்கத்தில் வரும் உங்கள் அப்பாவுக்கு அது பொருந்தாது.

ஆக்சிஜன் மீட்டருக்கு வருகிறேன். கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரம். காற்றில் ஆக்சிஜன் அங்கேயும் 21 சதவீதம்தான். ஆனால் காற்றழுத்தம் குறைவதால் நுரையீரலுக்குக் கிடைப்பது கடல்மட்டத்தில் கிடைப்பதில் சுமார் ஐந்தில் நான்கு பங்கு. எனவே நல்ல ஆரோக்கியம் உள்ளவருக்கே அங்கே 94, 95 இருக்கலாம். சென்னையில் சொல்லும் 98-ஐ வைத்துப் பயப்பட வேண்டாம். காலையில் காட்டிய 91 குளிர்ந்த விரலால் வந்த பிழையாக இருக்கலாம். ஐந்து நிமிடம் உட்கார்ந்து ஓய்வெடுத்து, கையைத் தேய்த்துச் சூடாக்கி, விரலில் மருதாணியோ நகப்பூச்சோ இல்லாமல் மாட்டி, எண் ஒரு நிமிடம் நிலையாக நிற்கும்வரை பாருங்கள். நாடித் துடிப்பு எண் தாறுமாறாக ஓடினால் ஆக்சிஜன் எண்ணையும் நம்பாதீர்கள். நன்றாக இருக்கும் நாட்களில் ஒரு வாரம் எடுத்து எழுதி வையுங்கள். அதுதான் அவருடைய சொந்த அளவு. அதிலிருந்து 3 புள்ளிக்கு மேல் இறங்கி அப்படியே நின்றால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். சூடான விரலிலும் 90-க்குக் கீழே காட்டினால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

மூடிய அறையில் கரி எரித்ததால் கார்பன் மோனாக்சைடு ஏறியவருக்கு இந்தக் கருவி 97 என்றுகூடக் காட்டும். அந்த நச்சு ஒட்டிய ரத்தத்தை ஆக்சிஜன் ஏறிய ரத்தத்திலிருந்து பிரித்துப் பார்க்க அதற்குத் தெரியாது. கணப்பு அறையில் தலைவலி, வாந்தி, மயக்கம் என்றால் எண்ணைப் பார்க்காமல் ஆளை வெளியே தூக்கி வந்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

தடுப்பூசி கட்டாயம் போடுங்கள், ஆனால் காய்ச்சல் இல்லாத நாளில். இந்த ஊசி, நிமோனியாவை உண்டாக்கும் முக்கியமான பாக்டீரியாவான நிமோகாக்கஸுக்கு எதிரானது. அந்தக் கிருமியை 1881-ல் பிரான்ஸில் பாஸ்டரும் அமெரிக்காவில் ஸ்டெர்ன்பெர்க்கும் தனித்தனியாகக் கண்டறிந்தார்கள். விழுங்கணு பிடிக்க முடியாதபடி வழுக்கும் சர்க்கரைப் பொருளாலான உறை அதற்கு உண்டு, நூறு வகைக்கு மேல். அந்த உறைக்கு எதிரான புரதத்தை உடலில் உண்டாக்குவதுதான் ஊசியின் வேலை. புரதம் போய் ஒட்டிய கிருமியை விழுங்கணு எளிதாகப் பிடித்துவிடும். 20 வகை உறைகளுக்கு எதிரான இணைப்பு (கான்ஜுகேட்) ஊசி கிடைத்தால் ஒன்றே போதும். கிடைக்காவிட்டால் முதலில் 13 வகை ஊசி, ஒரு வருடம் கழித்து 23 வகை ஊசி. வரிசையை மாற்றினால் பலன் குறையும். நெதர்லாந்தில் 65 வயது தாண்டிய சுமார் 85,000 பேரிடம் நடந்து 2015-ல் வெளியான ஆய்வில், 13 வகை ஊசி அந்த வகைக் கிருமிகளின் நிமோனியாவை 45 சதவீத அளவு குறைத்தது. ரத்தத்தில் பரவும் கடும் தொற்றை 75 சதவீதம் குறைத்தது. எல்லாக் கிருமி நிமோனியாவையும் அது தடுக்காது, அடைப்பு இருந்தால் அதையும் சரிசெய்யாது.

ஃப்ளூ ஊசியை வருடாவருடம், வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பர் வாக்கில் போடுங்கள். ஃப்ளூ வைரஸ் நுண்மயிர்களை அழித்து விழுங்கணுக்களையும் செயலிழக்கச் செய்வதால் பின்னாலேயே பாக்டீரியா நுழைகிறது. 1918 பெருந்தொற்றில் இறந்தவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது இப்படித் தொடர்ந்து வந்த பாக்டீரியா நிமோனியாதான்.

வீட்டில் கவனிக்க இன்னொன்று, மூச்சின் எண்ணிக்கை. அப்பாவுக்குச் சொல்லாமல், வயிறோ நெஞ்சோ ஏறி இறங்குவதை முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். பாதி நிமிடம் எண்ணி இரட்டிப்பாக்காதீர்கள். 20 வரை சரி. 24 தாண்டினால் அன்றே காட்டுங்கள். 30-ஐத் தொட்டாலோ, பேச்சு குழறினாலோ, ஆள் அடையாளம் தெரியாமல் பேசினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ, ராத்திரியானாலும் விடியும்வரை காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிட்டு, கையில் சர்க்கரை மாத்திரைச் சீட்டும் பழைய எக்ஸ்ரேயும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.