ரேடியோவால் வெளிநாட்டு ரசிகர்களைப் பிடித்த ஆப்பிரிக்க கிட்டார் குழு ஏதாவது உண்டா?

உண்டு. ஜிம்பாப்வேயின் பூண்டு பாய்ஸ். பெயரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், அங்கே 'பூண்டு' என்றால் புதர்க்காடு. (நம் 'புல் பூண்டு'க்கு அப்படியொன்றும் தூரமில்லை.) வெள்ளையர் ஆட்சியை எதிர்த்துக் காட்டுக்குள் இருந்த கெரில்லாக்களுக்கு உதவிய பையன்களை நினைத்து வைத்த பெயர். நாடு விடுதலையான 1980இல்தான் ஹராரேயில் இந்தக் குழுவும் தொடங்கியது.

இவர்கள் வாசித்தது ஜிட் என்கிற துள்ளல் இசை. நானும் கொஞ்சம் கிட்டார் தட்டுவேன் என்பதால், குழுவின் கிட்டார் கலைஞர் ரைஸ் ககோனாவின் வாசிப்பை ஒருநாள் அப்படியே பிடித்துப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். எந்த கார்ட் (chord, பல சுரங்களைச் சேர்த்து மீட்டுவது) என்று தேடித் தேடி ஒரு மணி நேரம் வீண். பிறகுதான் புரிந்தது, ஒற்றை ஒற்றைச் சுரமாகப் பொறுக்க வேண்டும். உள்ளங்கை ஓரத்தைக் கம்பிமேல் லேசாகச் சாய்த்து மீட்டியதும் அந்த அமுங்கிய, சொட்டுச் சொட்டான சத்தம் வந்துவிட்டது. அது எம்பிராவின் சத்தம். மரப்பலகையில் இரும்புப் பட்டைகளைப் பதித்துக் கட்டைவிரலால் மீட்டுகிற ஷோனா மக்களின் பழைய வாத்தியம் அது. அதைக் கிட்டாருக்கு மாற்றுவது இவர்களுக்கு முன்பே, ஜிம்பாப்வே பாடகர் தாமஸ் மாப்ஃபுமோவின் குழுவிலேயே நடந்தது. இவர்கள் வேகத்தைக் கூட்டினார்கள்.

சரி, ரேடியோவுக்கு வருகிறேன். பிபிசி ரேடியோ 1இல் ஜான் பீல், ஆண்டி கெர்ஷா என்று இரண்டு தொகுப்பாளர்கள். ஒரே அறையில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள். பிடித்த இசைத்தட்டு எந்த நாட்டிலிருந்து வந்தாலும் போட்டுவிடுவார்கள். 1986இல் பூண்டு பாய்ஸின் 'ஷபினி' ஆல்பம் பிரிட்டனில் வெளியானபோது இருவரும் அதைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டார்கள். அதிலிருந்தவை ஹராரேயில் பதிவாகி, உள்நாட்டுக்காரர்கள் ஆடித் தீர்த்த பாட்டுகள். வெளிநாட்டுக்காரனுக்காக ஒரு சுரத்தைக்கூட மாற்றவில்லை. இப்படிப் பல நாடுகளிலிருந்து வரும் இசைக்கு 'உலக இசை' என்ற பெயரை இசைத்தட்டு நிறுவனத்தார் லண்டன் மதுக்கடை ஒன்றில் கூடி முடிவு செய்ததே 1987இல்தான். அதற்கு முன்பே, எந்த லேபிளும் ஒட்டாமல் இவர்கள் பாட்டு ராத்திரி ரேடியோவில் ஓடிக்கொண்டிருந்தது. குழுவே பிரிட்டனுக்கு வந்து சின்னச் சின்ன அரங்குகளில் வாசித்தபோது, பாட்டை ஏற்கெனவே ரேடியோவில் கேட்டவர்கள் கூட்டத்தில் இருந்தார்கள்.

அப்புறம் 1987இல் வெம்ப்ளி ஸ்டேடியத்தில் மடோனாவின் நிகழ்ச்சிக்கு முன்னால் வாசிக்கும் வாய்ப்பு. பெரிய கம்பெனி ஒன்றில் ஒப்பந்தம். ஆனால் அடுத்து வந்த 'ட்ரூ ஜிட்' ஆல்பம் எனக்கு ஒட்டவே இல்லை. ஆங்கில வரிகள், அளவுக்கு மீறின மெருகு. வெம்ப்ளிக் கூட்டம் மடோனாவுக்காக வந்தது. ரேடியோவில் கேட்டு வந்தவர்களுக்குப் பிடித்திருந்ததோ அந்தப் பழைய சத்தம்.

பின்கதை சோகம். 1990இல் முன்னணிப் பாடகர் பிக்கி டெம்போ குழுவை விட்டு விலக நேர்ந்தது. அடுத்த சில ஆண்டுகளில் பாஸ் கிட்டார் வாசித்த டேவிட் மங்காபா உட்பட மூன்று பேர் எய்ட்ஸால் இறந்தார்கள். 1995இல் பிக்கியும் தற்கொலை செய்துகொண்டார். ரைஸ் ககோனா ஸ்காட்லாந்தில் குடியேறினார்.

கேட்டுப் பார்க்க விரும்பினால் 'ஷபினி'யில் உள்ள 'குரோஜா சேட்டே'யிலிருந்து தொடங்குங்கள். கால் தன்னால் ஆடும். பாட்டு என்னவோ வாடகை வீட்டில் குடியிருக்கிறவன் படும் பாட்டைப் பற்றியது. அதற்குத்தான் அத்தனை வெள்ளைக்காரர்களும் ஆடினார்கள்.