கடத்தாத இரண்டுக்கு நடுவே ஒரு மீக்கடத்தி

கேள்வி: ஸ்ட்ரான்சியம் டைட்டனேட், லாந்தனம் அலுமினேட் இரண்டுமே மின்சாரம் கடத்தாத ஆக்சைடுகள். ஒட்டிவைத்தால் மட்டும் எப்படிக் கடத்தும்?

வெறுமனே ஒட்டினால் கடத்தாது. ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் படிகத்தின் மேற்பரப்பு டைட்டானியம் ஆக்சைடு அடுக்கில் முடிய வேண்டும். அதன் மேல் லாந்தனம் அலுமினேட்டை லேசர் துடிப்புகளால் அடுக்கடுக்காக வளர்க்க வேண்டும். லாந்தனம் அலுமினேட்டின் அடுக்குகள் மாறிமாறி நேர், எதிர் மின்னூட்டம் கொண்டவை என்பதால், அடுக்கு ஏற ஏற உள்ளே மின்னழுத்தம் சேர்ந்துகொண்டே போய், ஒரு கட்டத்தில் தாங்க முடியாமல் எலக்ட்ரான்கள் இடைமுகத்துக்கு, அதாவது இரண்டும் சந்திக்கும் எல்லைக்கு, இறங்கிவிடுகின்றன. லாந்தனம் அலுமினேட்டின் தடிமன் 3 அலகுக்கூடு (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறிய கட்டம்) வரை ஒன்றும் நடக்காது, 4 ஆனதும் கடத்தும்! ஆனாலும் இதோடு கதை முடிந்தது என்று சொல்ல எனக்கு மனமில்லை. கணக்குப்படி வரவேண்டிய எலக்ட்ரான்களில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் அளவீட்டில் தெரிகிறது, ஆக்சிஜன் அணுக்கள் விட்டுப்போன இடங்களும் எலக்ட்ரான் தரக்கூடியவை.

கேள்வி: யார் கண்டது?

கடத்துவதை 2004-இல் இயற்பியலாளர்கள் ஓட்டோமோவும் ஹ்வாங்கும் காட்டினார்கள். மீக்கடத்தலை, அதாவது மின்தடையே இல்லாமல் கடத்துவதை, 2007-இல் ஜெனீவா, ஆக்ஸ்பர்க் ஆய்வாளர்கள் கண்டார்கள்.

கேள்வி: ஸ்ட்ரான்சியம் டைட்டனேட்டே மீக்கடத்திதானே? இதில் என்ன புதுமை?

சரியான கேள்வி. எலக்ட்ரான் சேர்த்தால் அது சுமார் 0.3 கெல்வினில் மீக்கடத்தும் என்பது 1964-இலேயே தெரியும். இடைமுகத்தில் மீக்கடத்தும் படலம் சுமார் 10 நானோமீட்டர்தான், அதனால் வெளியிலிருந்து மின்னழுத்தம் கொடுத்தே மீக்கடத்தலை நிறுத்தலாம், திரும்ப வரவழைக்கலாம். பொருளின் கலவையைத் தொடவே வேண்டாம். 2008-இல் இதைச் செய்து காட்டினார்கள், எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த சோதனை இதுதான். அப்புறம் 2021-இல் பொட்டாசியம் டேன்டலேட் என்ற இன்னோர் ஆக்சைடு வந்தது. எலக்ட்ரான் சேர்த்த முழுப் படிகமாக அது மீக்கடத்தியதாக யாரும் பார்த்ததில்லை, ஆனால் இடைமுகத்தில் சுமார் 2 கெல்வினிலேயே மீக்கடத்துகிறது. அதிலும் கனசதுரப் படிகத்தை அதன் உள் மூலைவிட்டத்துக்குச் செங்குத்தாக, அதாவது (111) முகத்தில் வெட்டினால்தான் இந்த 2 கெல்வின். வேறு திசையில் வெட்டிய (110) முகத்தில் 1 கெல்வினைக்கூட எட்டவில்லை. ஒரே பொருள், வெட்டும் திசை மட்டும் வேறு.

கேள்வி: அறை வெப்பநிலையில் வருமா?

இந்தப் பொருள்களில் எதிர்பார்க்காதீர்கள். லாந்தனம் அலுமினேட் இடைமுகத்துக்கு 0.2 கெல்வின் வேண்டும். திரவ ஹீலியமே 4.2 கெல்வினில்தான் கொதிக்கிறது, ஆகவே அந்தக் குளிருக்குப் போக, பொதுவாக ஹீலியம்-3, ஹீலியம்-4 கலவையில் ஓடும் குளிர்விப்பானைத்தான் பயன்படுத்துகிறார்கள்.