வெள்ளம் வடிந்த மூன்றாவது மாதம்

கேள்வி: நாங்கள் பத்துப் பன்னிரண்டு நண்பர்கள். புயல், வெள்ளம் என்று எது வந்தாலும் பணம் திரட்டி, ஆற்றங்கரையில் குடிசை போட்டிருக்கும் குடும்பங்களுக்குப் போர்வை, பாத்திரம், சாப்பாட்டுப் பொட்டலம் எல்லாம் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். நான்கு வருடமாக இது நடக்கிறது. ஆனால் ஒவ்வொரு முறை போகும்போதும் அதே குடும்பங்கள் முன்பைவிட மோசமான நிலையில் இருக்கின்றன. எங்கே தப்புச் செய்கிறோம்? கையில் இருக்கும் கொஞ்சப் பணத்தை எப்படிச் செலவழித்தால் உருப்படியாக இருக்கும்?

பதில்: நீங்கள் கொடுத்தது எதுவும் வீண் இல்லை. முதல் வாரத்தில் போர்வையும் சாப்பாடும் தேவைதான். ஆனால் முதல் வாரத்துக்கு எல்லோரும் வந்துவிடுகிறார்கள். அந்தக் குடும்பங்களைப் பெரும்பாலும் கவிழ்ப்பது தண்ணீர் அல்ல, தண்ணீர் வடிந்த பிறகு வாங்கும் கடன். அது நடக்கும் நேரத்தில் பக்கத்தில் யாரும் இருப்பதில்லை.

பேரிடரில் அடிபட்ட ஏழைக் குடும்பம் எடுக்கும் முடிவுகளுக்கு ஒரு வரிசை உண்டு. எந்த நாட்டிலும் ஏறக்குறைய அதே வரிசைதான். முதலில் சாப்பாட்டைக் குறைப்பார்கள். அதிலும் அம்மாவின் தட்டுதான் முதலில் காலியாகும். அப்புறம் கோழியும் ஆடும் போகும். அப்புறம் வட்டிக்குக் கடன். அதுவும் போதாவிட்டால் பிள்ளையின் படிப்பு நிற்கும். கடைசியில் மாடு, படகு, தையல் மெஷின் என்று நாளைக்குச் சம்பாதித்துத் தரவேண்டிய பொருளே விற்பனைக்கு வரும். அந்தச் சமயத்தில் ஊரே விற்கிறது என்பதால் பாதி விலைகூடக் கிடைக்காது. நிலைமை சீரானதும் திரும்ப வாங்கப் போனால் விலை ஏறியிருக்கும். நீங்கள் அடுத்த வருடம் போய்ப் பார்ப்பது, இந்தப் படிகளில் இன்னும் இரண்டு கீழே இறங்கிவிட்ட குடும்பத்தை.

எத்தியோப்பியாவில் 1998 முதல் 2000 வரை நீடித்த வறட்சியை ஆராய்ந்தவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். மிகவும் ஏழ்மையான குடும்பங்கள், இருக்கும் ஒன்றிரண்டு மாடுகளை விற்காமல் வயிற்றைக் காயப்போட்டன. மாடு போனால் மீளவே முடியாது என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் அந்தப் பட்டினிக்கும் ஒரு விலை உண்டு. ஜிம்பாப்வேயில் 1980-களின் தொடக்கத்தில் வந்த வறட்சியின்போது சின்னக் குழந்தைகளாக இருந்தவர்களைப் பல வருடம் கழித்துத் தேடிப் பார்த்தார்கள். வளர்ந்த பிறகும் உயரம் குறைந்தே இருந்தது, படிப்பும் குறைவாகவே இருந்தது. மழை திரும்பி வந்தும் அந்த இழப்பு ஈடாகவில்லை. பேரிடர்களால் வருடத்துக்குச் சுமார் 2.6 கோடிப் பேர் வறுமைக்குள் தள்ளப்படுவதாக 2016-ல் உலக வங்கி கணக்கிட்டது.

வறுமை பேரிடருக்குப் பிறகு மட்டும் வருவதில்லை, முன்பே இருக்கிறது. ஆற்றங்கரையில் ஏன் குடியிருக்கிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு எரிச்சல் தரும் கேள்வி அது. தண்ணீர் வரும் என்று தெரிந்துதான் இருக்கிறார்கள். வேலைக்கு நடந்து போகும் தூரத்தில் அவர்களால் வாடகை கொடுக்க முடிகிற இடம் அது ஒன்றுதான். 2010 ஜனவரியில் ஏழை நாடான ஹெய்ட்டியில் 7.0 அளவு நிலநடுக்கம், அடுத்த மாதமே சிலியில் 8.8. சிலியில் வெளிப்பட்ட ஆற்றல் சுமார் 500 மடங்கு அதிகம். அங்கே இறந்தவர்கள் ஐந்நூற்றுச் சொச்சம். ஹெய்ட்டியில் ஒரு லட்சத்துக்கும் மேல். ஹெய்ட்டியில் நடுக்கத்தின் மையம் தலைநகருக்குப் பக்கத்தில் இருந்தது என்பதும் உண்மைதான். ஆனால் கம்பியும் சிமென்ட்டும் குறைத்துக் கட்டிய வீடுகள்தான் அத்தனை பேரை நசுக்கின.

சரி, உங்கள் பணத்துக்கு வருவோம். திரட்டுவதில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் முதல் வாரத்துக்கு வையுங்கள். மீதியை இரண்டாவது மாதத்திலிருந்து நான்காவது மாதத்துக்குள் செலவழியுங்கள். இந்தக் கணக்கு எந்தப் புத்தகத்திலும் இல்லை, என் அனுபவத்தில் சொல்கிறேன். நன்கொடை கொடுத்தவர்கள் "இன்னும் ஏன் கொடுக்கவில்லை" என்று கேட்பார்கள். பணம் வாங்கும்போதே இதைச் சொல்லிவிட்டால் அந்தச் சங்கடம் வராது.

அக்கம்பக்கத்தில் கடைகள் திறந்திருந்தால் பொருளாக வேண்டாம், பணமாகவே கொடுங்கள். சாலை துண்டிக்கப்பட்டுக் கடையில் சரக்கே இல்லாவிட்டால் மட்டும் பொருள். 1943 வங்காளப் பஞ்சத்தை ஆராய்ந்த அமர்த்தியா சென், பட்டினிக்குத் தானியக் குறைவைவிட அதை வாங்க முடியாத நிலைமையே பெரிய காரணம் என்று காட்டினார். கூலி வேலை நின்ற வீட்டிலும் அதுதான் நடக்கிறது. பணம் கொடுத்தால் குடித்துவிடுவார்களே என்று உங்களில் ஒருவராவது சொல்லியிருப்பார். பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து உலக வங்கி ஆய்வாளர்கள் 2014-ல் பார்த்தபோது, உதவிப் பணத்தால் குடிச் செலவு கூடியதாகத் தெரியவில்லை. பொருளாகக் குவிப்பதில் வேறொரு தொல்லையும் உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் அச்சே பகுதிக்கு 4,000 டன் மருந்து வந்து இறங்கியது. பெரும்பாலானவற்றில் உள்ளூர்க்காரர்கள் படிக்க முடியாத மொழியில் லேபிள். நூற்றுக்கணக்கான டன்னை அழிக்கவே தனிச் செலவானது. பழைய துணி மூட்டைகளின் கதையும் பெரும்பாலும் இதுதான்.

முடிந்தால் வெள்ளத்துக்கு முன்பே கொடுத்துப் பாருங்கள். 2020 ஜூலையில் பங்களாதேஷில் வெள்ளம் உச்சத்தைத் தொடும் முன்பே, முன்னறிவிப்பை வைத்து ஐ.நா.வின் உலக உணவுத் திட்ட அமைப்பு இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குப் பணம் அனுப்பியது. பணம் வந்த வீடுகளில் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் கிடந்தவர்கள் குறைவு. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது பொருள் இழப்பும் அதிக வட்டிக் கடனும்கூடக் குறைவாகவே இருந்தன. உங்களைப் போன்ற சின்னக் குழுவும் முன்கூட்டியே சிலதைச் செய்யலாம். மழைக்காலம் தொடங்கும் முன் ஒவ்வொரு வீட்டின் அடையாள அட்டை, நிலப் பத்திரம், வங்கிப் புத்தகத்தை நகலெடுத்து, தண்ணீர் புகாத உறையில் போட்டுக் கொடுங்கள். ஒரு காகிதம் இல்லாமல் அரசு உதவித்தொகை மாதக்கணக்கில் நின்றுபோன வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கால்நடைகளை ஓட்டிப்போய்க் கட்ட ஒரு மேட்டு நிலத்தையும் இப்போதே பேசி வையுங்கள். மாட்டை விட்டு வர மனமில்லாமல் கரையிலேயே தங்கிவிடுபவர்கள் எங்கேயும் உண்டு.

யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் அதிகக் கவனம் வேண்டும். ஊர்ப் பெரியவர் கொடுக்கும் பட்டியலை அப்படியே வாங்கிக்கொள்ளாதீர்கள். அதில் வீட்டுச் சொந்தக்காரர் இருப்பார், வாடகைக்கு இருப்பவர் இருக்க மாட்டார். நிலத்துக்காரர் பெயர் இருக்கும், குத்தகைக்கு உழுதவர் பெயர் இருக்காது. வெளியூரிலிருந்து வேலைக்கு வந்தவர்கள், தனியாக இருக்கும் பெண்கள், வரிசையில் வந்து நிற்க முடியாத முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள் இவர்களெல்லாம் எளிதில் விடுபட்டுவிடுவார்கள். 1991-ல் பங்களாதேஷைத் தாக்கிய புயலில் சுமார் 1.4 லட்சம் பேர் இறந்தார்கள், அதில் ஆண்களைவிடப் பெண்கள் மிக அதிகம். கணவர் வரட்டும் என்று காத்திருந்தவர்கள் உண்டு. ஆண்கள் நிறைந்த புயல் காப்பகத்தில் பெண்களுக்குத் தனி இடம் இல்லையே என்று தயங்கியவர்களும் உண்டு. பிறகு எச்சரிக்கை சொல்லும் தன்னார்வலர்களில் பெண்களைச் சேர்த்தார்கள், காப்பகங்களையும் மாற்றிக் கட்டினார்கள். 2007-ல் சித்ர் புயல் வந்தபோது இறந்தவர்கள் மூவாயிரத்துச் சொச்சம். உங்கள் குழுவில் பெண்கள் இல்லையென்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். ஆண்கள் மட்டும் போய்க் கேட்டால் பாதி வீடுகளில் பாதி விஷயம்தான் வெளியே வரும்.

அடுத்த முறை, வெள்ளம் வடிந்து எட்டு வாரம் ஆனதும் வெறுங்கையோடு ஒரு நடை போய் வாருங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். "என்ன வேண்டும்" என்று கேட்காதீர்கள். கேட்டால் நீங்கள் வழக்கமாகக் கொண்டுவருவதையே சொல்வார்கள். "வெள்ளத்துக்கு அப்புறம் எதை விற்றீர்கள், யாரிடம் எவ்வளவு வாங்கினீர்கள், எந்தப் பிள்ளை பள்ளிக்குப் போகவில்லை" என்று கேளுங்கள். அடகில் இருக்கும் தையல் மெஷினை மீட்க ஆகும் தொகை, நீங்கள் வாங்கிப்போகும் போர்வைக் கட்டின் விலையைவிடக் குறைவாக இருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.