பாட்டியின் கதைக்கு முன்னால் மாமியாரின் கதை

கேள்வி: நான் கொழும்பில் பிறந்து வளர்ந்து, திருமணத்துக்குப் பின் மெல்போர்னில் வசிப்பவள். என் கணவரின் குடும்பம் தெற்கு இத்தாலியின் கலாப்ரியாவிலிருந்து வந்தது. அவருடைய பாட்டிக்கு வயது 88. ஊர்த் தேவாலயத்தில் மாப்பிள்ளையின் இடத்தில் அவருடைய தம்பியை நிறுத்தி மணம் முடித்து, 1958-இல் தனியாகக் கப்பலேறி வந்தவர். ஓராண்டாக மறதி நோய் கூடிவருகிறது. ஆங்கிலம் ஏறக்குறைய முழுவதும் போய், ஊர்ப் பேச்சு மட்டுமே மிஞ்சியிருக்கிறது. என் எட்டு வயது மகளுக்காக அவருடைய வாழ்க்கையைப் பதிவுசெய்து வைக்க ஆசைப்படுகிறேன். பாட்டியின் மகளான என் மாமியாரோ, "பழையதைக் கிளறாதே" என்கிறார். மருமகளாகிய நான் இதில் தலையிடலாமா?
– வாசகி, மெல்போர்ன்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

தலையிடலாம், பாட்டியின் உடல்நிலையைப் பார்த்தால் தள்ளிப்போடவும் கூடாது. ஆனால் நீங்கள் முதலில் உட்கார்ந்து கேட்க வேண்டியது பாட்டியின் கதையை அன்று, மாமியாரின் கதையை. அவர் வாயடைப்பதாக நினைத்து வருந்தாதீர்கள். அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு சிறுமி நிற்கிறாள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

1951-இல் இத்தாலியும் ஆஸ்திரேலியாவும் குடியேற்ற ஒப்பந்தம் செய்துகொண்ட பிறகு, போருக்குப் பின் வேலையில்லாமல் கிடந்த தெற்கு ஊர்களிலிருந்து இளைஞர்கள் திரளாகப் புறப்பட்டார்கள். பலர் முதலில் இறங்கிய இடம், விக்டோரியா மாநிலத்தின் பொனெகில்லா முகாம். பழைய இராணுவக் கொட்டகைகளில் 1947 முதல் 1971 வரை மூன்று லட்சத்துக்கும் அதிகமானோர் அங்கே தங்கிச் சென்றார்கள். சொன்னபடி வேலை கிடைக்காததால் 1952-இல் இத்தாலியர்கள் அந்த முகாமில் கொதித்தெழுந்ததும் உண்டு. வேலை கிடைத்தவர்களுக்கோ அடுத்த குறை, பெண் இல்லை. ஊருக்குப் போய் மணம் முடித்துத் திரும்பப் பணமும் இல்லை, விடுப்பும் இல்லை. மணமாகாத பெண்ணைத் தனியே கப்பலேற்றி அனுப்பினால் ஊர் என்ன சொல்லும் என்ற அச்சம் பெற்றோருக்கு. இந்த முடிச்சுகள் எல்லாவற்றையும் ஒருசேர அவிழ்த்தது 'பெர் புரோகூரா' என்ற பதிலாள் மணம். புகைப்படங்களும் கடிதங்களும் கடல் கடந்து போய்வர, மாப்பிள்ளையின் தம்பியோ தந்தையோ அவருக்குப் பதிலாக நின்று சடங்கை நிறைவேற்றுவார். ஆயிரக்கணக்கான பெண்கள் இப்படி மனைவியராகவே கப்பலேறினார்கள். மெல்போர்ன் துறைமுகத்தில் கையில் படத்தை வைத்துக்கொண்டு கூட்டத்தில் கணவனின் முகத்தைத் தேடியவர்கள் அவர்களில் பலர். படம் பத்து ஆண்டுப் பழையது என்பதை அந்த நொடியில்தான் அறிந்தவர்களும் உண்டு.

அந்தத் துணிவை நீங்கள் வியப்பது நியாயமே. ஆனால் உங்கள் மாமியார் அறிந்தது அந்த மணப்பெண்ணை அன்று. அதற்குப் பின் வந்த அம்மாவை. மெல்போர்னின் பிரன்ஸ்விக், கார்ல்ட்டன், கோபர்க் பகுதிகளின் துணி ஆலைகளிலும் தையற்கூடங்களிலும் பகலெல்லாம் உழைத்து, இரவில் வீட்டிலேயே துண்டுக்கு இவ்வளவு என்ற கூலிக்குத் தைத்து, வீட்டுக் கடனை அடைத்த தலைமுறை அது. இயந்திர இரைச்சலில் யாரிடம் பேசி ஆங்கிலம் கற்பது? அவர்களுக்கு அந்த நாட்டின் வாசலைத் திறந்து விட்டவர்கள், பள்ளிக்குப் போய் ஆங்கிலம் கற்றுவந்த பிள்ளைகள், அதிலும் பெரும்பாலும் மூத்த மகள்கள். அரசின் தொலைபேசி மொழிபெயர்ப்புச் சேவை தொடங்கியதே 1973-இல்தான். அதற்கு முன், மருத்துவர் முன்னால் அம்மாவின் நாற்காலிக்கு அருகே பள்ளிச் சீருடையில் நின்ற ஏழு வயதுப் பெண், தனக்கே பொருள் விளங்காத சொல்லை, அம்மாவின் கர்ப்பப்பையைப் பற்றிய செய்தியை, வீட்டு மொழியில் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. அம்மா அழுதால், செய்தியைச் சொன்ன தன்னால்தான் அழுகிறாள் என்று அந்தக் குழந்தை நினைக்காமல் இருக்குமா? வங்கி, பள்ளிக்கூடம், மின்கட்டண அலுவலகம் எல்லாவற்றிலும் இதே கதைதான். உங்கள் மாமியார் 1960-களில் வளர்ந்தவர் என்றால் இந்த வேலையைச் செய்திருக்கவே வாய்ப்பு மிகுதி. இப்போது அம்மாவுக்கு ஆங்கிலம் மறந்ததும், அறுபது வயதைக் கடந்த நிலையில் அதே மொழிபெயர்ப்பாளர் நாற்காலியில் மறுபடியும் உட்கார வைக்கப்பட்டிருக்கிறார். "கிளறாதே" என்பதை அவருடைய களைப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே ஒரு மாலையில், மகளோ கணவரோ உடன் இல்லாதபோது, "அம்மாவுக்காக எங்கெல்லாம் பேசப் போனீர்கள்?" என்று அவரிடம் கேளுங்கள். அவர் பேசினால் குறுக்கிடாமல் கேளுங்கள். பேசாவிட்டால் விட்டுவிடுங்கள், இன்னொரு நாள் அவரே தொடங்குவார். ஒரு சொல்லை மட்டும் தவிர்க்கும்படி வேண்டுகிறேன். அது 'தியாகம்'. அந்த வீடுகளில் 'சக்ரிஃபீச்சி' (தியாகங்கள்), அதாவது 'நாங்கள் பட்ட பாடு', என்ற சொல் பிள்ளைகளின் காதில் தீராத கடனாக ஒலித்துவந்திருக்கிறது. நம் வீடுகளிலும் அந்தச் சொல்லுக்கு அதே கனம் உண்டு அல்லவா?

மருத்துவமனைச் சந்திப்புகளுக்கு இனித் தொழில்முறை மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு வாங்குங்கள். மாமியார் அங்கே மகளாக மட்டும் இருக்கட்டும். பேசுவது கலாப்ரியப் பேச்சு என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். பாட்டியின் தாய்மொழி பள்ளியில் கற்பிக்கும் இத்தாலியன் அன்று. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் பெரிது. கார்ல்ட்டன் ஃபாரடே தெருவில் உள்ள கோ.ஆஸ்.இத் என்ற இத்தாலியச் சமூக அமைப்பு முதியோர் பராமரிப்பில் நெடுநாள் அனுபவம் உடையது. ஊர்ப் பேச்சு அறிந்த பணியாளர் கிடைப்பார்களா என்று அங்கே விசாரிக்கலாம்.

இனி பாட்டி. மறதி நோயில் பிற்காலத்தில் கற்ற மொழி முதலில் நழுவி, குழந்தைப் பருவ மொழி நெடுநாள் நிற்பது பலரிடம் காணப்படுவதே. அவர் வேண்டுமென்று ஆங்கிலத்தைத் தவிர்க்கவில்லை. "நினைவிருக்கிறதா?" என்று அவரிடம் ஒருபோதும் கேட்காதீர்கள், அது தேர்வுக் கேள்வி. வேலையைக் கையில் கொடுங்கள். மெல்போர்னில் ஜனவரி கடைசியிலும் பிப்ரவரியிலும் இத்தாலியக் குடும்பங்கள் தக்காளிச் சாறு போடும் நாள் வருமே, அன்று அவரை மேசைக்கு முன்னால் உட்கார வையுங்கள். கழுவிய பழைய பியர் புட்டிகள், வாய் அகன்ற புனல், முற்றத்தில் விறகு மேல் கொதிக்கும் தகர டிரம். ஒவ்வொரு புட்டிக்குள்ளும் ஒரு திருநீற்றுப்பச்சிலை இலையைப் போடும் பணியை அவரிடமே விட்டு, உங்கள் மகளை அருகில் இருத்துங்கள். அந்த வாசனை கிளப்பும் பேச்சைக் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்தால் போதும். பொருளைப் பிறகு மாமியாரிடம் கேட்டு, அவர் விரும்பினால் மட்டும் எழுதிக்கொள்ளலாம். பதிவு செய்வதைப் பாட்டியிடம் ஒவ்வொரு முறையும் காட்டிச் சொல்லுங்கள். அவர் முகம் சுளித்தால் அணைத்துவிடுங்கள்.

உங்களிடம் வேறு யாருக்கும் இல்லாத ஒரு திறவுகோலும் இருக்கிறது. அக்காலத்தில் இத்தாலியிலிருந்து சூயஸ், ஏடன் வழியாக வந்த கப்பல்கள் பல, கொழும்பில் நின்றுதான் மேற்கு ஆஸ்திரேலியத் துறைமுகமான ஃபிரிமாண்டலுக்குப் போயின. "கொலோம்போ" என்று இத்தாலிய ஒலிப்பில் மெல்லச் சொல்லி, பழைய துறைமுகப் படம் ஒன்றைக் காட்டிப் பாருங்கள். 21 வயதில் அவர் கப்பல் தட்டில் நின்று பார்த்த ஊர் உங்கள் ஊராக இருக்கக்கூடும்.

ஒன்றை மறக்கக்கூடாது. அந்த மணப்பெண்கள் 'கொர்ரேதோ' எனப்படும் சீர்த் துணிகளை டிரங்குப் பெட்டியில் கொண்டுவருவது வழக்கம். பல ஆண்டுகள் தாமே நெய்தோ தைத்தோ பூவேலை செய்தோ சேர்த்த படுக்கை விரிப்புகள், துவாலைகள். அப்படி ஒரு பெட்டி வீட்டில் இருந்தால், மாமியார் சம்மதித்து அவரே திறக்கட்டும். விரிப்பின் மூலையில் நூலால் பின்னிய இரண்டு எழுத்துகள் இருக்கலாம். அவை பெரும்பாலும் தாத்தாவின் குடும்பப் பெயரைக் குறிப்பவை அல்ல, பாட்டியின் பெயரையும் அவர் பிறந்த வீட்டுப் பெயரையும் குறிப்பவை. அந்த எழுத்துகள் எவை, எந்தப் பெயருக்கு உரியவை என்பதை உங்கள் மகளுக்குப் படித்துக்காட்டும் வேலையை மாமியாரிடம் கொடுங்கள்.