கறுப்புக் காரும் சைக்கிள் சக்கரமும்

அன்புள்ள ஐயா,

சென்ற வார உரையில் அமெரிக்கன் ஃபுட்பால் கோச் நிக் சேபனைப் போகிறபோக்கில் குறிப்பிட்டீர்கள். தேடிப் பார்த்தேன். கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழக அணியில் தடுப்பாட்டக்காரர், அதற்குமேல் ஆட்டக்காரராகப் பெரிதாக வராதவர். ஆட வராதவர்கள்தான் கோச் ஆகிறார்களா? மயாமி டால்பின்ஸ் என்ற தொழில்முறை அணியில் கோச்சாக இருந்தபோது ‘அலபாமா பல்கலைக்கழக அணிக்குப் போகமாட்டேன்’ என்று சொல்லிவிட்டு இரண்டே வாரத்தில் போனவர் எப்படி முன்மாதிரி?

பி.கு: போன மாதம் அனுப்பிய என் சிறுகதையைப் படித்தீர்களா?

கே.

அன்புள்ள கே.,

இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். அவர் சொன்னபடி நடக்கவில்லை, அது தப்புதான். முன்மாதிரி என்று நான் சொல்லவில்லை, நீங்கள்தான் சொல்கிறீர்கள்.

‘பெரிதாக வராதவர்’ என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள்! தடுப்பின் கடைசி வரிசையில் நிற்பவன் பின்பக்கமாக ஓடிக்கொண்டே எதிராளியின் இடுப்பைக் கவனிக்க வேண்டும். எங்கே திரும்பப்போகிறோம் என்பது எதிராளிக்குத் தெரியும், இவனுக்குத் தெரியாது. அங்கே நின்று பழகியவனுக்குப் பிறரைப் படிக்க வந்துவிடும். சேபனோடு ஆடிய ஜாக் லாம்பர்ட் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் என்ற தொழில்முறை அணிக்குப் போய், அங்கே உச்சப் பட்டமான சூப்பர் பவுலை நான்கு முறை வென்றார். சேபனுக்குக் கோச் ஆகும் எண்ணமே இருக்கவில்லை. மனைவிக்கு இன்னும் ஒரு வருடப் படிப்பு பாக்கி. கென்ட் ஸ்டேட் கோச் டான் ஜேம்ஸ் உதவியாளராக இருக்கச் சொன்னார், 1973இல் சேபன் அங்கேயே தங்கிவிட்டார். சரி, அது போகட்டும்.

நான் அவரை நினைத்துக்கொண்டிருந்தது வேறு விஷயத்துக்காக. அவர் அப்பா மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் பெட்ரோல் பங்க் வைத்திருந்தார். கார் கழுவுவது பையனின் வேலை. துடைத்த கோடு ஒன்று தெரிந்தாலும் முழுக் காரையும் மறுபடி கழுவ வேண்டும். கறுப்பு, நீல நிறக் கார் வந்தாலே வெறுப்பாக இருக்குமாம், கோடு அதில்தான் லேசில் போகாது.

என் தாய்மாமா சைக்கிள் கடை வைத்திருந்தார். பள்ளி விடுமுறையில் என்னைக் கோட்டம் எடுக்க உட்காரவைப்பார். ‘முடிஞ்சது மாமா’ என்பேன். சக்கரத்தைச் சுழற்றிவிட்டு ரிம்முக்குப் பக்கத்தில் சாக்பீஸைப் பிடிப்பார். ஓரிடத்தில் ‘சர்ர்’ என்று உரசும், வெள்ளைக் கோடு விழும். அந்த இடத்தை மட்டும் சரிசெய்ய விடமாட்டார். எல்லா ஸ்போக்கையும் தளர்த்திவிட்டு, சாவியை என் கையில் திணித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். அழுகையாக வரும். ஒரு ஸ்போக்கைத் திருகினால் பக்கத்து ஸ்போக் கெடும் என்பது விளங்கவே எனக்கு இரண்டு விடுமுறை ஆனது.

இதைத்தான் சேபன் பின்னால் ‘ப்ராசஸ்’ என்றார். 1998இல் மிச்சிகன் ஸ்டேட் கோச்சாக, முதலிடத்தில் இருந்த ஒஹாயோ ஸ்டேட்டோடு மோத வேண்டியிருந்தது. லானி ரோசன் என்ற மனநல மருத்துவரின் யோசனைப்படி, ஸ்கோரை மறந்துவிட்டு ஏழு விநாடி நீடிக்கும் ஒவ்வொரு நகர்வையும் மட்டும் பாருங்கள் என்றார். 24-9 என்று பின்தங்கியிருந்தவர்கள் 28-24 என்று ஜெயித்தார்கள்.

உடனே கீதையை எடுத்துக்கொண்டு வராதீர்கள், கே. நம் ஆட்களுக்கு இதே வேலை. எதைச் சொன்னாலும் ‘பலனை எதிர்பாராதே’ என்று ஒரு படத்தில் எழுதி, காலை வணக்கத்தோடு அனுப்பிவிடுவார்கள். சேபன் பலனை நன்றாகவே எதிர்பார்த்தவர். எல்.எஸ்.யு. எனும் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஒன்று, அலபாமாவில் ஆறு என்று ஏழு தேசியப் பட்டங்கள். பட்டம் வேண்டாம் என்றா அத்தனை வருடம் மைதானத்தில் கத்தினார்? சக்கரம் நேராக ஓட வேண்டும் என்றுதான் மாமாவும் எல்லாவற்றையும் தளர்த்தினார். ஓட வேண்டாம் என்பதற்காக அல்ல.

கார் கழுவச் சொன்ன அப்பா, மகன் உதவிக் கோச்சாகச் சேர்ந்த அதே 1973இல் இறந்துபோனார். ஒரு பட்டத்தையும் பார்க்கவில்லை.

அப்புறம், உங்கள் கதை. படித்தேன். மூன்றாம் பக்கத்தில் உரசுகிறது. அந்தப் பக்கத்தை மட்டும் திருத்தி அனுப்பாதீர்கள். முதல் வரியிலிருந்து எழுதுங்கள். நான் டீ குடித்துவிட்டு வருகிறேன்.