இடுப்பு இளைத்தது, கால் இளைக்கவில்லை

கேள்வி: கோவையில் பெண்கள் ஜிம்மில் பயிற்சியாளராக இருக்கிறேன். என்னிடம் வரும் 34 வயதுப் பெண்ணுக்கு ஆறு மாதத்தில் இடுப்பு 4 அங்குலம் குறைந்தது. தொடையும் காலும் அப்படியே இருக்கின்றன. தசையை உருட்டி நீவும் ஃபோம் ரோலர் வைத்தால் வலியில் துடிக்கிறார், கன்றிப்போகிறது. நெட்டில் தேடினால் லிப்பெடீமா, யானைக்கால், புற்றுநோய் என்று வருகிறது. மெடிக்கலில் நீர் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். என் பயிற்சியில்தான் தவறா?

பதில்: பயிற்சியில் தவறில்லை. அவரும் உங்களுக்குத் தெரியாமல் எதையோ சாப்பிட்டு ஏமாற்றவில்லை. மாத்திரைதான் தவறு, இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். அது உடம்பிலிருந்து நீரையும் உப்புகளையும் வெளியேற்றும், கொழுப்பைத் தொடாது. பொட்டாசியம் இறங்கிய நிலையில் கடுமையாக உடற்பயிற்சி செய்தால் இதயத் துடிப்பே தடுமாறலாம். நீங்கள் கொடுக்கக்கூடிய பொருள் இல்லை அது.

நீங்கள் எழுதியிருப்பது லிப்பெடீமாவோடு, அதாவது கால்களில் கொழுப்பு அளவுமீறிச் சேர்ந்து வலிக்கும் நோயோடு பொருந்துகிறது. 1940-லேயே அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் விவரித்த நோய் இது. ஏறக்குறைய பெண்களுக்கு மட்டுமே வரும். பூப்பெய்தும்போது, பிள்ளைப்பேற்றின்போது, மாதவிடாய் நிற்கும்போது தலைகாட்டும். அவருடைய அம்மாவுக்கோ சித்திக்கோ இதே கால்வாகு இருந்ததா என்று கேளுங்கள். அப்புறம் பாதத்தைப் பாருங்கள். இரண்டு கால்களும் ஒரே மாதிரி பருத்து, கொலுசு போடும் இடத்தில் சட்டென்று நின்று, பாதம் மட்டும் ஒல்லியாக இருக்கும். தொட்டால் வலிக்கும். வெறும் உடல் பருமனில் இந்த வலி இருக்காது.

யானைக்கால் அப்படியல்ல. பாதமும் வீங்கும், பெரும்பாலும் ஒரு பக்கம் அதிகமாக இருக்கும், இரண்டாவது கால்விரல் தொடங்கும் இடத்தில் மேல்பக்கத் தோலைக் கிள்ளித் தூக்க முடியாது. புற்றுநோய்ப் பயத்தை விடுங்கள். லிப்பெடீமா புற்றுநோயாக மாறுவதில்லை.

நீங்கள் உண்மையில் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, கெண்டைக்கால் வலித்து, சூடாக இருப்பது. காலின் ஆழத்தில் ஓடும் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம். அந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிரே போகும். தசைப்பிடிப்பு என்று நினைத்து நீவிவிடாதீர்கள், 'ஸ்ட்ரெட்ச்' செய்ய வைக்காதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்கு அனுப்புங்கள். கூடவே மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். சமீபத்தில் பிரசவமானவர், கருத்தடை மாத்திரை எடுப்பவர், நீண்ட பயணம் போய்வந்தவர் என்றால் ஒரு நிமிடம்கூட யோசிக்காதீர்கள்.

சரி, இவருக்கு என்ன செய்வது? ரத்தநாள நிபுணரிடம் அனுப்புங்கள். லிப்பெடீமாவை உறுதிசெய்யத் தனி ரத்தப் பரிசோதனை கிடையாது. தொட்டுப் பார்த்துத்தான் சொல்வார்கள். தைராய்டு, சிறுநீரகம், இதயம் சரியாக இருக்கின்றனவா என்றும் பார்ப்பார்கள். அழுத்தக் காலுறையை அவர்கள் அளவெடுத்துத் தரட்டும், ஆன்லைனில் வாங்க வேண்டாம். உடற்பயிற்சியை நிறுத்தக் கூடாது. நடை, சைக்கிள், வலிக்காத அளவில் எடைப் பயிற்சி எல்லாம் செய்யலாம். நீச்சல்குளம் கிடைத்தால் இன்னும் நல்லது, தண்ணீரின் அழுத்தமே காலுக்கு இதம். ரோலரும் மசாஜ் கன்னும் வேண்டாம்.

இதையெல்லாம் மற்றவர்கள் முன்னால் பேசாதீர்கள். நோயின் பெயரையும் நீங்கள் சொல்ல வேண்டாம். "தொட்டாலே வலிக்கிறதே, டாக்டரிடம் காட்டிவிடலாமா?" என்று தனியாகக் கேட்டால் போதும். இனி தொடையை டேப் வைத்து அளக்காதீர்கள். வலி குறைந்ததா, மாடிப்படி ஏற முடிகிறதா என்று கேட்டு எழுதி வையுங்கள்.